அகமத்நகரில் கற்ற பாடம்

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கத்தார் நடத்திய கைவினைக் கண்காட்சியை அன்பர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பூத்தையல் விரிப்புகளுக்கும் கண்ணாடி மணிப் பைகளுக்கும் அருகே ஒரு நீண்ட மேசையின்மீது ஒன்பது போர் டாங்கிகள் அணிவகுத்து நின்றன. எல்லாம் பிளாஸ்டிக்கில் வார்த்த துண்டுகளை ஒட்டி, வண்ணம் தீட்டிய சிற்றுருவங்கள். உள்ளங்கையில் அடங்குவன சில, ஒரு சாண் நீளமுள்ளன சில. அவற்றை மதிப்பிட்டுப் பரிசுக்குரியனவற்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் செயற்குழுவினர் என்னிடம் ஒப்படைத்தார்கள். அப்பொறுப்பில் நான் செய்த பிழையும், அது பிழையென்று எனக்குப் புலப்பட்ட அகமத்நகர்ப் பயணமுமே இக்கட்டுரையின் பொருள். பயணக் கட்டுரை என்ற பெயரில் மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறான் என்று எவரேனும் சொன்னால் அதை நான் மறுக்கமாட்டேன்.

தௌண்ட் சந்திப்பில் சரக்குப் பிரிவு எழுத்தனாக இருக்கும் எனக்கும் டாங்கிகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வேலையில் சேர்ந்த புதிதில், ஓர் இரவு, படைத்துறைச் சிறப்பு வண்டி ஒன்று நம் நிலையத்தில் நின்றது. தட்டை வாகன்களின்மேல் தார்ப்பாய் போர்த்திய டாங்கிகள், இரும்புச் சங்கிலிகளால் பிணைக்கப்பட்டு, கட்டிவைத்த யானைகளைப்போல் வரிசையாய் நின்றன. காற்றில் ஒரு தார்ப்பாயின் ஓரம் விலகியபோது தெரிந்த பச்சையை நெடுநாள் மறக்க முடியவில்லை. அடுத்த மாதச் சம்பளத்தில் முதல் பெட்டியை வாங்கினேன். இன்று என்னிடம் 31 டாங்கிகள் இருக்கின்றன. பாத்திரம் வைப்பதற்கென்று வாங்கிய கண்ணாடி அலமாரியில் அவை குடியேறிய வரலாற்றை என் இல்லத்தரசியிடம் கேட்டால் இதைவிடச் சுவையாகச் சொல்லுவாள்.

இக்கலையில் பழகாதவர்களுக்காகச் சில சொற்கள். சிற்றுருவங்கள் ஓர் அளவுவிகிதத்திற்கு உட்பட்டவை. உண்மை டாங்கியில் 35-இல் ஒரு பங்கு என்பது மிகவும் பரவிய அளவு. 72-இல் ஒரு பங்கு என்பது அதனினும் சிறியது. 35 என்ற எண் வந்த கதை வேடிக்கையானது. ஜப்பான் நாட்டு டாமியா நிறுவனத்தார் 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பாந்தர் டாங்கியைப் பிளாஸ்டிக்கில் வடிவமைத்தபோது, சிறிய மோட்டாரும் மின்கலங்களும் உள்ளே அடங்கும்படி உடலை அமைத்தார்கள். அவ்வாறு அமைந்த உடல் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்காய் இருந்தது. மின்கலத்திற்காகப் பிறந்த அந்த அளவே பின்னர் உலகெங்கும் வழக்காயிற்று.

நீளம், அகலம், சக்கரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சரிபார்ப்பது எளிது. அளவுகோலும் வரைபடமும் இருந்தால் போதும். நிறத்தைச் சரிபார்ப்பதுதான் கடினம். டாங்கிக்கு வண்ணம் பூசுவது அழகுக்காக அன்று, பகைவன் கண்ணுக்குப் படாமல் மறைவதற்காக. உருமறைப்பு என்று இதனைச் சொல்லுகிறோம். முதல் உலகப் போரில், 1915-ஆம் ஆண்டில், பிரெஞ்சுப் படையினர் ஓவியர்களைக் கொண்டே இதற்கென ஒரு பிரிவை அமைத்தார்கள். 1916 செப்டம்பர் 15-ஆம் நாள் சோம் போர்முனையில் உலகின் முதல் டாங்கிகள் புறப்பட்டபோது, அவற்றுக்குப் பல நிறத் திட்டுகள் தீட்டும் முறையை வகுத்தவர் சாலமன் ஜே. சாலமன் என்னும் ஆங்கில ஓவியர். ஆனால் சேற்றில் ஒருமுறை புரண்டெழுந்த டாங்கியில் ஓவியரின் கைவண்ணம் எங்கே தெரியப்போகிறது? சிறிது காலத்தில் அம்முறையைக் கைவிட்டு வெறும் பழுப்பு நிறத்தையே பூசலானார்கள். இந்தச் செய்தியை நான் பல ஆண்டுகளுக்கு முன்பே படித்திருந்தேன். படித்தும் அதன் பொருள் என் மனத்தில் தைக்கவில்லை என்பதைப் பின்னால் காண்பீர்கள்.

நிறத்தைப் பற்றிய பிழைகள் எவ்வளவு எளிதில் வேரூன்றுகின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1940, 1941-ஆம் ஆண்டுகளில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் டாங்கிகளுக்குச் சாய்வான நேர்கோட்டுப் பட்டைகளாக மூன்று நிறங்களைப் பூசினார்கள். அதனை வகுத்த பிரிகேடியர் காண்டரின் பெயராலேயே அம்முறை வழங்குகிறது. வெளிர்மணல், வெள்ளிச் சாம்பல், பலகைக்கல் சாம்பல் என்பன அம்மூன்று நிறங்கள். பிற்காலத்தில் புதிதாய் வண்ணம் பூசப்பட்ட டாங்கிகளைக் கண்டவர்கள் நடுவிலுள்ள வெள்ளிச் சாம்பலை இளநீலம் என்றே கொண்டார்கள். பல பத்தாண்டுகள் மாதிரி செய்வோரெல்லாம் இளநீலத்தையே தீட்டினார்கள். பழைய ஆவணங்களையும் சாயத் துணுக்குகளையும் ஆராய்ந்த பிறகே அது பசுமை கலந்த சாம்பல் என்பது தெளிவாயிற்று. என் அலமாரியிலும் இளநீல மடில்டா ஒன்று இருந்தது. உண்மை தெரிந்த இரவே அதனை மீண்டும் தீட்டினேன். அன்றுமுதல் நிறத்தைப் பற்றி எனக்கு ஒரு கர்வமும் ஏற்பட்டது.

அந்தக் கர்வத்தோடுதான் பொங்கல் கண்காட்சியின் மேசைமுன் போய் நின்றேன். முதற்பரிசை ஒரு பாந்தர் டாங்கிக்கு அளித்தேன். 1943 பிப்ரவரிவரை அடர்சாம்பலாய் இருந்த ஜெர்மானிய டாங்கிகள், அம்மாத ஆணைக்குப் பிறகு மஞ்சட்பழுப்பு அடிநிறம் பெற்றன. அதன்மேல் பச்சையையும் செம்பழுப்பையும் படையினரே தெளித்துக்கொண்டார்கள். அந்த முறையைச் சிறிதும் வழுவாமல் தீட்டியிருந்தார் அந்த அன்பர். மேசையின் கோடியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வைத்திருந்த சென்சூரியன் டாங்கி, நம் இந்தியப் படையின் சின்னங்களோடு நின்றது. ஆனால் அதன் கீழ்ப்பாதி முழுவதும் பழுப்பு மண். மேற்பாதி சாம்பல் பூத்த ஒருவித அழுக்கு. பீமா நதிக்கரை மண்ணைச் சலித்துப் பசையில் குழைத்து அப்பியிருந்தான். பச்சை நிறம் ஆங்காங்கே நகக்கண் அளவுக்கே தெரிந்தது. “வேலை தூய்மையாக இல்லை, நிறம் பொருந்தவில்லை” என்று மதிப்பெண் தாளில் எழுதினேன். ஆறுதல் பரிசுகூட அவனுக்குக் கிடைக்கவில்லை.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு முதியவர் என் குடியிருப்பைத் தேடி வந்தார். எழுபத்தைந்தைத் தாண்டியவர், குடியாத்தம் பக்கத்துக்காரர். மகனோடு வாழ இங்கே வந்து நான்கு ஆண்டுகளாகின்றன. அந்தச் சிறுவன் அவருடைய பேரன். காப்பியை அருந்திய பிறகு மெல்லக் கேட்டார்.

“தம்பி, பையன் டாங்கியில் என்ன குறை என்று தெரிந்துகொள்ளலாமா?”

“நிறந்தான் ஐயா. நம் சென்சூரியன் பச்சை நிறம். இவன் மண்ணைப் பூசி மறைத்துவிட்டான்.”

“பச்சையை எங்கே பார்த்தீர்கள்?”

“அகமத்நகர்க் காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன். படங்களிலும் பார்த்திருக்கிறேன்.”

“நான் அதற்குள்ளே உட்கார்ந்திருக்கிறேன்” என்றார் அவர்.

அவர் குரலில் சினம் இல்லை. ஒரு தகவலைச் சொல்லுவதுபோலவே சொன்னார். 1971-ஆம் ஆண்டுப் போரில், பசந்தர் ஆற்றங்கரையில், சென்சூரியன் டாங்கி ஓட்டுநராக இருந்தவர் அவர். மண் பூசியது பேரனின் கைவரிசையன்று. தாத்தா சொல்லச் சொல்ல அவன் செய்தது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “ஐயா, நாம் மூவரும் ஒருமுறை அகமத்நகர் போய்வரலாமா?” என்றேன். அவர் இசைந்தார்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு விடுமுறை நாளன்று காலை வண்டியில் புறப்பட்டோம். தௌண்டிலிருந்து மன்மாடு செல்லும் இந்தப் பாதை 1878-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஊரைவிட்டதும் பீமா நதியைக் கடக்கிறது வண்டி. அப்பால் கரும்புத் தோட்டங்களும், முற்றிய சோளக்கதிர்களும், இடையிடையே கல்லும் கள்ளியுமான மேடுகளும் மாறி மாறி வருகின்றன. எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரந்தான். சிறுவன் சன்னலோரத்தில் இருந்தான். முதியவர் கரும்புத் தோட்டங்களைக் கண்டபோதெல்லாம் சற்று நிமிர்ந்து பார்த்தார். “இதற்குள் ஒரு டாங்கியை நிறுத்தினால் நூறு கஜத்தில் தெரியாது” என்று ஒருமுறை சொன்னார். அவர் படையில் சேருமுன், 1965 செப்டம்பரில், பஞ்சாபின் அசல் உத்தரில் நம்மவர்கள் அதைத்தான் செய்தார்கள். கரும்புக் கொல்லைகளில் மறைந்து நின்று, நீர் பாய்ச்சிய வயல்களில் சிக்கிய பட்டன் டாங்கிகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். அங்கே உருமறைப்பாக உதவியது எந்த ஆலையிலும் செய்த சாயமன்று, உழவன் வைத்த பயிர்.

அகமத்நகர் பழம்பெருமையுடைய நகரம். நிஜாம் ஷாஹி அரசர்களின் தலைநகரம். சாந்த் பீபி காத்து நின்ற கோட்டை இங்கேதான் இருக்கிறது. 1942 முதல் 1945 வரை பண்டித நேரு சிறையிருந்து நூல் எழுதியதும் அக்கோட்டையில்தான். 2024-ஆம் ஆண்டில் நகரத்திற்கு அகில்யாநகர் என்று பெயர் மாற்றினார்கள்; ஆயினும் எங்கள் வண்டியில் வந்த வியாபாரிகள் வாயில் பழைய ‘நகர்’ என்ற ஒற்றைச் சொல்லே புழங்குகிறது. நம் நாட்டுக் கவசப் படையின் பயிற்சித் தலைமையகம் இவ்வூரில் இருப்பதால், அதனைச் சார்ந்து 1994-ஆம் ஆண்டில் டாங்கிக் காட்சியகம் ஒன்று அமைந்தது.

காட்சியகம் என்றால் கூரைவேய்ந்த மண்டபம் என்று எண்ணவேண்டாம். புல்வெளியும் மரநிழலும் உள்ள ஒரு தோட்டம். அத்தோட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட இரும்பு வாகனங்கள் நிற்கின்றன. பழைய ரோல்ஸ்ராய்ஸ் கவசக் கார் இருக்கிறது. மடில்டா இருக்கிறது; 1940 டிசம்பரில் சிதி பர்ரானிப் போரில் நம் நான்காவது இந்திய டிவிஷன் காலாட்படையினருக்கு முன்னே சென்ற இனம் அது. ஷெர்மன், சர்ச்சில், வாலன்டைன், ஜப்பானியரின் சிறு டாங்கிகள் ஆகியவற்றைக் கடந்தால், நம் படையினர் கைப்பற்றிய பட்டன் நிற்கிறது. விஜயந்தாவின் அருகே சென்றதும் முதியவர் அதன் கவசத்தை உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தார். 1965-ஆம் ஆண்டிலிருந்து நம் ஆவடியில் உருவான டாங்கி அல்லவா! மராட்டிய மண்ணில் ஆவடிப் பிள்ளையைக் கண்டதில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கடைசியில் சென்சூரியன் முன் வந்து நின்றோம். ஐம்பது டன் எடையுள்ள உடல், நீண்ட குழல், பக்கங்களில் தொங்கும் இரும்புத் தகடுகள். முன்புறம் வலப்பக்கத்தில் ஓட்டுநரின் கதவைச் சுட்டிக்காட்டினார் முதியவர். “அதற்குள் இறங்கி மூடிவிட்டால் உலகம் ஒரு விரற்கடை அகலந்தான்” என்றார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. பசந்தர்ப் போரில் 1971 டிசம்பர் 16-ஆம் நாள் வீரமரணம் எய்திப் பரம்வீர் சக்கரம் பெற்ற அருண் கேத்தர்பாலின் டாங்கியும் இதே இனத்தது. ‘பாமகுஸ்தா’ என்னும் பெயர்கொண்ட அந்த டாங்கியை இவ்வூரிலுள்ள பயிற்சி மையத்தில்தான் பாதுகாத்து வருகிறார்கள். “அவருக்கும் இருபத்தொன்று, எனக்கும் இருபத்தொன்று” என்று மட்டும் சொன்னார் பெரியவர்.

பேரன் பொறுக்கமாட்டாமல் கேட்டான்: “தாத்தா, இந்த நிறமா, இல்லையா?”

“ஆலையிலிருந்து வெளியே வந்த நாளில் இந்த நிறந்தான். அணிவகுப்புக்கு முதல்நாளும் இதே நிறந்தான். நான் உனக்குச் சொன்னது நடுவில் வந்த நாட்களின் நிறம். ஈரச்சேற்றைக் கையால் அள்ளிப் பூசுவோம். வெயிலில் எதுவும் மின்னக்கூடாது. பூசியது காய்ந்து உதிரும், மறுபடி பூசுவோம். இரவெல்லாம் ஓட்டினால் மேலே புழுதி படியும். நான்காம் நாள் எந்த டாங்கிக்கும் தனி நிறம் கிடையாது. எந்த வயலில் படுத்தோமோ அந்த வயலின் நிறந்தான்.”

அப்போதுதான் சாலமன் என்னும் அந்த ஓவியரின் கதை எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் பார்த்துப் பழகியது பாதுகாப்புக்காகப் பூசிய வண்ணம். திறந்தவெளியில் நிற்கும் இரும்புக்கு மழையிலும் வெயிலிலும் துரு ஏறாமலிருக்க அவ்வப்போது வண்ணம் பூசித்தான் ஆகவேண்டும். எந்நாட்டுக் காட்சியகத்திலும் அதுதான் முறை. அதில் குற்றம் இல்லை. அதனைப் போர்க்களத்தின் சாட்சியாக நான் எடுத்துக்கொண்டதே குற்றம்.

நான் நாள்தோறும் சரக்கு வாகன்களோடு புழங்குகிறவன். ஒவ்வொரு வாகனின் பக்கத்திலும், அது எந்தப் பணிமனையில் எப்போது பழுதுபார்க்கப்பட்டது, மறுபடி எப்போது திரும்பவேண்டும் என்று தேதி எழுதியிருக்கும். பணிமனையிலிருந்து வந்த மாதத்தில் செங்காவியாய் இருப்பது, நிலக்கரியும் சிமெண்டும் ஏற்றி ஏற்றி, மூன்றாம் ஆண்டில் வேறொரு நிறமாகிவிடுகிறது. “வாகனின் நிறம் என்ன?” என்று யாரேனும் என்னைக் கேட்டால், “எந்த மாதத்து வாகன்?” என்றல்லவா திருப்பிக் கேட்பேன்! என் தொழிலில் எனக்குத் தெரிந்த இவ்வுண்மையை என் பொழுதுபோக்கில் மறந்துவிட்டேன்.

படங்களை மட்டும் நம்புவதிலும் இடர் உண்டு. செந்நிறத்தை உணராத பழைய படச்சுருளில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளுப்பாகவும் பதியும். வண்ணப் படமோ ஆண்டுகள் செல்லச் செல்ல வெளுக்கும். ஒரு சாண் டாங்கியை ஓரடித் தொலைவில் வைத்துப் பார்ப்பது, உண்மை டாங்கியை முப்பத்தைந்தடித் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு ஒப்பாகும். இடையிலுள்ள காற்றும் புழுதியும் நிறத்தைச் சற்று வெளுக்கச் செய்யும் ஆதலால், சிற்றுருவத்திற்கு உண்மைச் சாயத்தை அப்படியே பூசலாகாது என்போர் உண்டு, மறுப்போரும் உண்டு. ஜெர்மானியப் படையினர் பசைபோல வந்த சாயத்தைக் கிடைத்ததற்கேற்பப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்துத் தெளித்தார்கள். ஆகவே ஒரே ஆணையின்கீழ் வந்த இரண்டு டாங்கிகள்கூட ஒரே நிறமாய் இருந்திருக்கவேண்டும் என்பதில்லை.

அப்படியானால் களத்தில் இருந்தவர் சொல்லே முடிவான சான்றா? அதையும் அன்றே அறிந்தோம். திரும்பும் வண்டியில், தம் டாங்கியின் பக்கத்தில் எழுதியிருந்த எண் வெள்ளை நிறம் என்றார் பெரியவர். “போன மாதம் மஞ்சள் என்றீர்களே தாத்தா?” என்றான் பேரன். அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். வண்டி இரண்டு நிலையங்களைக் கடந்தது. “எண் இன்னும் நினைவிருக்கிறது. நிறம் போய்விட்டது” என்றார். பிறகு பேரனின் தலையைத் தடவி, “உன் டாங்கியில் இன்னொன்றும் உண்டு. அந்த ஊர் மண் இவ்வளவு கறுப்பில்லை. காய்ந்தால் சாம்பலாய் வெளுக்கும். பீமாக்கரை மண்ணை வைத்துப் பூசிவிட்டாய்” என்றார். சிறுவன் சற்றும் வருந்தவில்லை. “அப்படியானால் மறுபடி பூசுகிறேன்” என்றான்.

அவன் சொன்ன அந்த ஒரு சொல்லில் எனக்கு வேண்டிய தீர்ப்பு இருந்தது. என் முதற்பரிசுப் பாந்தர் குறையற்ற வேலைதான், அதில் ஐயமில்லை. ஆனால் அது எந்த ஊரில் எந்த நாளில் நின்ற பாந்தர் என்று கேட்டிருந்தால் மறுமொழி கிடைத்திராது. நானும் கேட்கவில்லை. சிறுவனின் சென்சூரியனோ 1971 டிசம்பரில், பசந்தர்க் கரையில், நான்காம் நாள் நின்ற டாங்கி. அதன் மண் சற்றுக் கறுத்திருக்கலாம். அதன் கேள்வி சரியான கேள்வி. சான்றைத் தேடி, அது தவறென்று தெரிந்தால் மாற்றிக்கொள்ள ஆயத்தமாயிருப்பவனே இக்கலையில் முதல்வன். அந்த அளவுகோலால் பார்த்தால் அன்று மேசையின் முன் நின்றவர்களில் கடைசியாக வரவேண்டியவன் நான்தான்.

ஆகவே செயற்குழுவினருக்கு இரண்டு விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலாவது, இவ்வாண்டு முதற்பரிசை அந்த இருவருக்கும் சேர்த்து அறிவிக்கவேண்டும். பாந்தர் செய்த அன்பர் இதற்கு மனமுவந்து இசைந்துவிட்டார். இரண்டாவது, அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு மாதிரியின் அருகிலும் ஒரு சிறு அட்டை இருக்கவேண்டும். எந்த டாங்கி, எந்த இடம், எந்த நாள், எப்படி அறிந்தீர்கள் என்ற நான்கு கேள்விகளுக்கு அதில் விடை எழுதியிருக்கவேண்டும்.

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றிலும் படையில் பணிபுரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசும்போது வீட்டுப் பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டோடு அருகே அமர்வது நல்லது. எண் நினைவிருக்கும்போதே நிறத்தையும் கேட்டு எழுதிவைத்துவிடலாம்.

சென்ற வாரம் பேரனும் தாத்தாவும் என் வீட்டிற்கு வந்திருந்தார்கள். அலமாரியைத் திறந்து என் சொந்தச் சென்சூரியனை எடுத்துக் கொடுத்தேன். ஒரு தூசு படாமல் ஒன்பது ஆண்டுகள் காத்துவந்த பச்சை டாங்கி அது. பெரியவர் அதனைக் கையில் ஏந்தி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “மிகவும் அழகாக இருக்கிறது, தம்பி. இன்னும் புறப்படவில்லை போலிருக்கிறது” என்றார்.

நாங்கள் மூவரும் சிரித்தோம். அதன்பின் சிறுவன் தன் பையிலிருந்து, வெளிறிய மண் நிரம்பிய ஒரு சிறு புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான்.